காத்தான் மகள் தெளியவைத்த வாய்க்கால்

மேடையில் வீற்றிருக்கும் நடவுப் பெண்கள் சங்கத் தலைவி ராமாயி அம்மையார் அவர்களே, காகித ஆலைத் தொழிலாளத் தோழர்களே, வலங்கைமான் வட்டாரத்து விவசாயப் பெருமக்களே! நாற்பத்தெட்டே வயதில் மாரடைப்பு நம் பொறியாளர் செவ்வந்தியைக் கொண்டுபோய்விட்டது. அழச்சொல்லி என்னை அழைத்தீர்கள். மன்னியுங்கள், நான் மார்தட்ட வந்திருக்கிறேன்!

யார் இந்தச் செவ்வந்தி? பண்ணையில் கூலிக்கு நின்ற காத்தானின் மகள்! பதினெட்டு ஆண்டு போராடி, சிறை சென்று, காத்தானுக்கு உச்சவரம்பு நிலத்தில் ஒன்றரை ஏக்கர் பட்டா வாங்கினோம். வாங்கி என்ன பயன்? ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலின் கடைமடை அது! நாற்று கருகியது. நடவுக்கு இறங்கிய பெண்களின் கால் புண்ணாகியது.

"ஆலையை இழுத்து மூடு!" என்று முழங்கியவன் இந்த இளையபெருமாள்தான். "மூடினா நம்ம தெருவுல பாதி வீட்டுல அடுப்பு எரியாது சித்தப்பா. தண்ணியச் சுத்தம் பண்ணுவோம்" என்றது அந்தப் பெண். பீங்கான் குழாய்களைக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத துளை வழியே தண்ணீர் மட்டும் கசியுமாம், அழுக்கு உள்ளேயே நின்றுவிடுமாம். "ஊறுகா ஜாடியக் காட்டி ஊர ஏமாத்துறியா?" என்று கேட்டேன். கேட்டேனே, பாவி!

ஆலைக் கழிவு வெளியேறும் இடத்தில் பொருத்திய முதல் குழாய்கள் இருபதே நாளில் அடைத்துக்கொண்டன. நான் சிரித்தேன். செவ்வந்தி அசரவில்லை. காகிதக் கூழையும் நாரையும் முன்னாலேயே சல்லடையில் பிடித்தார். குழாய்க்குள் தண்ணீரைத் திருப்பி அடித்தார். சூடான காரக் கரைசல் விட்டுக் கழுவினார். பிளாஸ்டிக் வடிகட்டி என்றால் வெந்து போயிருக்கும். பீங்கான் தாங்கியது!

தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டைச் செவ்வந்தி நீட்டியபோது ராமாயி அம்மா என்ன சொன்னார்? "காயிதம் கெடக்கட்டும். மொதல்ல யாரு வயல்ல பாய்ச்சுவே?"

"எங்கப்பா வயல்லதான் அத்தை. போனா எங்களோட போவட்டும்."

இருந்ததே அந்த ஒன்றரை ஏக்கர்தான்! காத்தான் மண்வெட்டியை எடுத்துப்போய் மடையைத் திறந்தார். விளைந்ததா இல்லையா, சொல்லுங்கள்! விளைந்தது தோழர்களே, களம் கொள்ளாமல் விளைந்தது! நடவுப் பெண்களின் கால் புண்ணும் ஆறியது. ஆலைச் சங்கும் நிற்கவில்லை!

செவ்வந்தியின் தாய் இறந்தபோது, உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க இந்த வாய்க்காலில் இறங்க முடியவில்லை. மூன்று மைல் நடந்து குடமுருட்டி ஆற்றில் மொண்டுவந்தோம். போன வாரம் மகளுக்கு எங்கே எடுத்தோம்? ஆலை வாய்க்காலில்! முதல் குடத்தை மொண்டவர் ராமாயி அம்மா. தண்ணீருக்கடியில் அவர் கால்விரல் தெரிந்தது. நான் பார்த்தேன்.

அந்தக் குழாய்கள் அடைபட விடமாட்டோம் என்று இந்த அவை உறுதி ஏற்கட்டும். குழாய் கழுவ முறை போடுங்கள். முதல் முறைக்கு, அன்று சிரித்தவன் பெயரை எழுதுங்கள்!