பசைக்குப் பின்னால ரெண்டு வரி

பிரியும்மா, ஏன் பிரியாது. வீட்டுல காய்ச்சின பசைதானே, நானே காய்ச்சினது. கீழ லாண்டரில இஸ்திரிப் பெட்டியிலேருந்து ஆவி புஸ்ஸுன்னு வரும். அதுல ரெண்டு நிமிஷம் காட்டினா எந்தப் பேப்பரும் நோட்டை விட்டு வந்துடும். லாண்டரிக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன். கச்சேரி முடியட்டும். இப்ப நோட்டு மேடையில எங்க வீட்டுக்காரர் மடியில இருக்கு. அதை இப்பப் போய்க் கேட்டீங்கன்னா தூங்கற குழந்தையைத் தூக்கின மாதிரி ஆயிடும்.

உக்காருங்க. அதுல வேண்டாம், அதுக்குக் கால் ஆடுது, பெரியவர் ஒருத்தர் போன மாசம் கைதட்டறப்பவே கீழ போயிட்டார். இதுல உக்காருங்க. சும்மாதானே இருக்கீங்க, இந்தக் கட்டைப் பிடிச்சு ரெண்டு ரெண்டா மடிச்சுக் குடுங்க. பாட்டுத்தாள். வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு வாசல்ல நின்னு குடுக்கணும், அதான் என் வேலை. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை, நாலு மணி. மத்த நாள்ல இந்த ஹால்ல டேபிள் டென்னிஸ் ஆடுவாங்க. அதோ சுவத்துல சாத்தி வச்சிருக்கு பாருங்க, அதுக்கு ஒரு போர்வையைப் போத்திவிட்டு அதைத்தான் மேடைக்குப் பின்புலம்ங்கறாங்க.

வேர்க்குதா? கீழ லாண்டரி இருக்குல்ல, தரை வழியா சூடு ஏறும். வர்றவங்க பாட்டு உருக்குதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. அந்தச் சூட்டுக்கு பல் டாக்டரோட வயலின் தந்தி ஒரு பாட்டுக்கு ஒரு தடவை இளகிடும். ஆமா, அதோ கண்ணாடி போட்டவர், அவரேதான். வாசிக்கற நேரத்தைவிடத் திருகற நேரம்தான் அதிகம். இதே பொறுமையை அவர் கிளினிக்ல காட்டினார்னா எனக்கு ஒரு கடைவாய்ப்பல் மிஞ்சியிருக்கும்.

வந்த வழியா? ஓ, அதைச் சொல்லலையா உங்ககிட்ட. அது இங்க சட்டம்மா. மேடையில ஏறினா பாடறதுக்கு முன்னாடி வந்த வழி சொல்லணும். இந்தப் பாட்டை யார்கிட்ட கேட்டேன், அவங்க யார்கிட்ட கேட்டாங்க, எந்த வேலை செய்யறப்போ பாடினாங்கன்னு. அது சொல்லாம ஒரு வரி பாட விடமாட்டாங்க. இன்னொண்ணு, எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா அந்தப் பாட்டு இங்க செல்லாது. பேர் தெரியாத ஆள் பாடினாத்தான் நாட்டுப்பாட்டு, பேர் தெரிஞ்சுட்டா வெறும் பாட்டு. நான் சொல்லலை, எங்க வீட்டுக்காரர் சொல்றது.

ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சு ஒரு தடவை. என்னமாப் பாடிச்சு தெரியுமா, முன்வரிசையில மூக்கை உறிஞ்சாத ஆளில்ல. அன்னைக்கு என்னவோ முன்னாடியே கேக்க மறந்துட்டாங்க, முடிச்சதும்தான் வந்த வழி கேட்டாங்க. அந்தப் பொண்ணு வெள்ளந்தியா, நான்தாங்க எழுதினேன், டியூட்டில உக்காந்து எழுதினதுன்னு சொல்லிடுச்சு. அவ்வளவுதான், அழுதவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, ஏதோ ஏமாந்துபோன மாதிரி. மரியாதையாத்தான் இறக்கிவிட்டாங்க. அதுக்கப்புறம் ஜனங்க உஷாராயிட்டாங்க. சொந்தமா எழுதினா செத்துப்போன அத்தை பாடினதுன்னு சொல்லிடறாங்க. இந்த மேடையில செத்துப்போன அத்தைங்களை எண்ணினா உயிரோட இருக்கிற ஆளுங்களைவிட ஜாஸ்தி.

எங்க வீட்டுக்காரரா? அவர் மீட்டர் ரீடிங் எடுக்கற உத்தியோகம். ரிட்டையராகி நாலு வருஷம் ஆச்சு. வீடு வீடாப் போகணுமே, அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடிச்சது. மீட்டரைப் பாத்து ரெண்டு நிமிஷத்துல எழுதிட்டு, வீட்டுல வயசான பொம்பளைங்க இருந்தா நாப்பது நிமிஷம் உக்காந்துடுவார். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, அப்ப உங்களுக்கு என்ன வயசு, பாடறப்போ கை என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, யாரை நினைச்சுக்கிட்டுப் பாடினீங்க, அழுதீங்களா. அப்படிக் கேப்பார். முகம் தெரியாத பொம்பளைகிட்ட அழுதீங்களான்னு கேக்கறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். அவங்களும் சொல்லுவாங்க, புருஷன்கிட்ட சொல்லாததை எல்லாம் கரண்ட் ஆபீஸ்காரர்கிட்ட சொல்லுவாங்க. துண்டுத் தாள்ல எழுதிக் குடுத்து அனுப்புவாங்க. அதெல்லாம் நோட்டுக்குள்ள சொருகி வச்சிருப்பார். செவ்வாய்க்கிழமை லீவு, அன்னைக்கு உக்காந்து வரிசையா பசை போட்டு ஒட்டுவார்.

ஆமாமா, அதையும் அப்படித்தான் ஒட்டினார். நீங்க தேடி வந்த பாட்டு. நானும் உங்க கைல இருக்கிற தாளைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், கடைசிப் பாட்டுல வந்ததும் மடிக்கறதை விட்டுட்டீங்க. சாவி ஆணியில இருக்கு, பால் பானையில இருக்கு, ஈரத்துணி கொடியில இருக்கு, மழை வந்தா எடுத்துடுங்க. நான் போறேன் நான் போறேன். ஒருத்தரும் கூப்பிடாத வீட்டுல எனக்குப் பேரு எதுக்கு. அதோட நின்னுடும். அப்புறம் ஹால் மொத்தமும் ம்ம்ம்முன்னு இழுக்கும். இருபத்தோரு வருஷமா ஒவ்வொரு கச்சேரியும் இதுலதான் முடியுது. இது இல்லாம விட்டா ஜனங்க எழுந்திருக்க மாட்டாங்க.

அர்த்தமா? அதுக்கு ஜியாகரபி சார் இருக்கார், ஸ்கூல்ல ஜியாகரபி எடுத்தவர், பாட்டுக்கு முன்னாடி எழுந்து விளக்கம் சொல்லுவார். நானே சொல்லிடறேன், மனப்பாடம். சாவின்னா உயிர். ஆணின்னா உடம்பு. பால்னா பிறவி. ஈரத்துணின்னா இன்னும் காயாத ஆசை. மழைன்னா சாவு. முந்நூறு வருஷத்துக்குக் குறையாதுன்னு சொல்லுவார். சாமியாராப் போன ஒரு ராணி பாடினதா இருக்கலாம்னு போன வருஷத்திலேருந்து சேத்துக்கிட்டிருக்கார்.

ஃபிரிட்ஜா? அடேயப்பா, அதைக் கவனிச்சுட்டீங்களா. ஆமா, நோட்டுல இருக்கிற தாள்ல பால் ஃபிரிட்ஜ்ல இருக்குன்னுதான் இருக்கு. அதுக்கு மூணு வாரம் கூட்டம் போட்டாங்க. கடைசியில அது இடைச்செருகல், பின்னால வந்த யாரோ விவரம் தெரியாம சேத்ததுன்னு முடிவு பண்ணி பானையில வச்சுட்டாங்க. பானையில வச்சா பால் திரிஞ்சு போகாதான்னு நான் வாசல்ல நின்னு கேட்டேன். சிரிச்சாங்க. ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட பால் விஷயம் பேசக்கூடாது போல.

காலையில எங்க வீட்டுல அந்தப் பக்கத்தை நீங்க ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சீங்க பாருங்க, இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் அது தோணல. பின்பக்கம் மை தெரியுது, இன்னும் ரெண்டு வரி இருக்குன்னு நீங்க சொன்னதும் அவர் முகத்தைப் பாத்தீங்களா? கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த முகத்தை நான் பாக்கல. அப்பலேருந்து அவர் சாப்பிடல. தொலைஞ்சுபோன கண்ணி தொலைஞ்சுபோன கண்ணின்னு அதே பேச்சு. பல் டாக்டருக்கு ஃபோன் போட்டாச்சு, ஜியாகரபி சாருக்கு போட்டாச்சு. முடிக்காம விட்டதுலதான் பாட்டோட மொத்த அழகும் இருக்குன்னு இருபத்தோரு வருஷமாச் சொன்ன அந்த சார் பாவம், இன்னைக்கு என்ன சொல்லப்போறாரோ.

இல்லம்மா, பயம்னு இல்ல. சரி, பயம்தான். அதனாலதான் உங்களை இங்க பிடிச்சு உக்கார வச்சேன். மடிக்கறதுக்கு எனக்கு ஆள் வேண்டியதில்ல.

இருபத்தோரு வருஷம் முந்தி, எங்கம்மா தவறி எட்டாம் நாள். கூடத்துல உக்காந்து அவங்க புடவை ஒண்ணை மடிச்சுக்கிட்டு இருக்கேன். இவர் வந்து பக்கத்துல உக்காந்தார். பரவாயில்லையே, ரெண்டு வார்த்தை பேசத்தான் வந்திருக்கார்னு நினைச்சேன். உங்கம்மா ஏதாவது பாட்டு பாடுவாங்களா, ஞாபகம் இருந்தா சொல்லு, மறக்கறதுக்குள்ள எழுதிக்கறேன்னார். பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு. ஊர்ல அத்தனை பொம்பளைங்களையும் அழுதீங்களான்னு கேட்ட மனுஷன்.

நான் புடவையை மடிச்சு முடிச்சேன். மறுநாள் அவர் வேலைக்குப் போனப்புறம் ஒரு தாளை எடுத்தேன். நான் மருந்துக்கடையில வேலை பாத்தவம்மா, முப்பது வருஷம். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், அரை மாத்திரைன்னு டப்பா மேல எழுதி எழுதி, எதை எழுதினாலும் துண்டு துண்டாத்தான் வரும். ஒரு வரிக்கு மேல போனா ஜனங்க படிக்க மாட்டாங்கல்ல. அன்புள்ளன்னு ஆரம்பிக்க மனசு வரல. நேரா சாவியிலேருந்து ஆரம்பிச்சேன். சாவி ஆணியில இருக்கு. பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு.

ஆமாம்மா. கடுதாசி.

நான் போறேன் ரெண்டு தடவை வருதுல்ல, அதைத்தான் ஜனங்க கண்ணை மூடிக்கிட்டுத் திரும்பத் திரும்பப் பாடறாங்க. முதல் தடவை பேனா சரியா எழுதல, அதனால இன்னொரு தடவை எழுதினேன். அவர் கண்டிப்பாத் திறக்கற இடம்னு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். நோட்டுக்குள்ள வச்சுட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்.

இந்தத் தெருவுல என் கையெழுத்து தெரியாத வீடு கிடையாதும்மா. சத்தியமா. கண்ணு சரியாத் தெரியாத கிழவர்கூட டப்பாவைத் தடவிப் பாத்து இது அந்தம்மா எழுதினதுன்னு சொல்லிடுவார். இவர் அதைப் படிச்சார், ரசிச்சார், ராகம் போட்டார், போறதுக்கு முந்தின நாள் நான் காய்ச்சி வச்சிருந்த பசையையே எடுத்து ஒட்டினார். கீழ பென்சில்ல, குடுத்தவர் நினைவில்லைன்னு எழுதினார். அந்தப் பாட்டுக்கு மட்டும் அதுவே வந்த வழி.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அக்கா வீட்டு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சனிக்கிழமையும் உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை, சண்டை போட்டாவது முடிச்சுக்கலாம்னு கிளம்பி வந்தேன். வீடு பூட்டியிருக்கு. ஈரத்துணி கொடியிலயே கிடக்கு, ரெண்டு மழை பெஞ்சிருக்கு அதுக்குள்ள. அந்த வரியைப் பாடிக்கிட்டே அதுக்குக் கீழதான் நடமாடியிருக்கார். நேரா இங்க வந்தேன். படி ஏறறப்பவே கேட்டுச்சு, நான் எழுதினது.

எப்படி இருந்துச்சுன்னா? எப்படிச் சொல்றது. இதோ இந்த வாசல்லதான் நின்னேன். பல் டாக்டர் திருகறதை நிறுத்திட்டுக் கேக்கறார். ஹால்ல இருக்கிற ஆம்பளைங்க அழறாங்க. எங்க வீட்டுக்காரரும் அழறார், நிஜமா, கன்னத்துல வழியுது. புரிஞ்சுடுச்சு இவருக்கு, இத்தனை பேர் முன்னாடி வேற எப்படிச் சொல்வார், அவருக்குத் தெரிஞ்ச வழியில சொல்றார்னு நான் நினைச்சேன். மனசு அப்படியே இளகிப்போச்சு. முடிச்சதும் இறங்கி என்கிட்டதான் வந்தார். என் கையைப் பிடிச்சார். இதை எழுதினவ எப்பேர்ப்பட்ட பொம்பளையா இருந்திருப்பா, வாழ்க்கையில ஒரு தடவை அவளைப் பாத்துடணும்னார்.

நான் தண்ணி வேணுமான்னு கேட்டேன்.

சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா எழுதினவ பேர் தெரிஞ்சுடும், பாட்டு செல்லாமப் போயிடும். அது அப்ப நானே எனக்குச் சொல்லிக்கிட்ட சாக்கு. நிஜத்தைச் சொன்னா, கோபத்தோட கூடவே சந்தோஷமும் இருந்துச்சும்மா, சொல்றதுக்கே வெக்கமா இருக்கு. கட்டின நாள்லேருந்து என்னைப் பாக்கணும்னு அந்த ஆளு ஆசைப்பட்டது அன்னைக்குத்தான். அவளைத் தேடி எத்தனை ஊருக்கு பஸ் ஏறியிருக்கார் தெரியுமா. ஃப்ளாஸ்க்ல காப்பி போட்டுக் குடுத்து நான்தான் அனுப்பி வைப்பேன்.

பின்பக்கமா? அக்கா வீட்டுலதான் இருப்பேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடறேன். அவ்வளவுதான். கீழ என் பேரு.

ஐயையோ, எழுந்திருக்காதீங்க, நீங்க ஒண்ணும் தப்பா செஞ்சுடல. வேண்டாம்னு சொல்றதுக்கா இவ்வளவும் சொன்னேன்? பிரிங்க. முதல்ல இந்தத் தாளை எல்லாம் இப்படிக் குடுங்க, படியில ஆள் வர ஆரம்பிச்சாச்சு. கச்சேரி முடிஞ்சதும் அவரையும் கீழ கூட்டிட்டுப் போங்க. பேப்பர் பிரிஞ்சு வந்ததும் நீங்க படிக்க வேண்டாம், அவர் கைல குடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்கம்மா. ராகம் போடாம படிக்கச் சொல்லுங்க.