இன்ஜின் சூடாகும் வரை

பழைய காருக்கு ஆயில் வாங்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, கடைக்காரரிடம் ‘இருக்கறதுலயே நல்லதாக் குடுங்க’ என்று கேட்பது. அவரும் பாவம், இருப்பதில் விலை கூடியதை எடுத்து நீட்டுவார். அது இன்றைய வண்டிகளுக்காகச் செய்தது. தண்ணீர் மாதிரி ஓடும். பழைய இன்ஜினில் ஊற்றினால் நைந்துபோன ரப்பர் சீல்கள் வழியே கசிந்து தரையில் தேங்கும். போதாததற்கு, உள்ளே வருஷக்கணக்கில் படிந்து கிடக்கும் கசடைக் கிளப்பிவிட்டு, ஆயில் போகிற பாதையையே அடைத்துவிடும். நல்ல ஆயில் வேறு, பொருத்தமான ஆயில் வேறு. மருந்துக் கடை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது.

நீங்கள் ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும், சார். ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரும்.

கார் என் மாமனாருடையது. அவருக்குப் பிறகு அவர் மகனுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்குப் போனது. மச்சான் இருந்தது அடுக்குமாடிக் குடியிருப்பில், நிறுத்த இடமில்லை. அதனால் எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பெயர் அவருடையது, பாடு என்னுடையது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. கடையை அடைத்துவிட்டு வந்தால் நேரே ஷெட்டுக்குத்தான் போவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எப்படியும் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தனிக்கட்டை. மாவுக்கட்டோடு அவரைத் தனியாக விட மனமில்லாமல் என் மனைவி போய் அழைத்து வந்துவிட்டாள். ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறையைக் கொடுத்தோம். எங்கள் வீட்டில் குளியலறையோடு சேர்ந்த அறை அது ஒன்றுதான். தரை மரப்பலகை. வெளிப்பக்கமாக ஒரு மாடிப்படி உண்டு.

அவர் நல்ல மனிதர். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலும்தான். படுத்த படுக்கையாக இருந்துகொண்டே வீட்டைக் கலகலப்பாக்கினார். அண்ணனும் தங்கையும் மேலே பேசிச் சிரிப்பது ஷெட்டில் எனக்குக் கேட்கும். என் மனைவிக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் சாப்பாட்டை மேலே எடுத்துப் போய் மூவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

“மாப்ள, உங்க கடையில மொத்தமா விக்கற டானிக்கவிட இந்தக் காரு குடிக்கற ஆயில் ஜாஸ்தி போலிருக்கே,” என்றார் மச்சான்.

“இன்னும் சரியான ஆயில் அமையல,” என்றேன்.

“அதான் ஒரு மெக்கானிக்கிட்டச் சொல்லியிருக்கேன். இந்த இன்ஜினத் தூக்கிட்டுப் புதுசு ஒண்ணு வெச்சுடலாம்ங்கறான். வெளியில பாக்க அதே காருதான். அப்புறம் எந்தக் கடையில வேணாலும் ஆயில் வாங்கலாம். நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்.”

“நல்லதாப் போச்சு,” என்றாள் என் மனைவி. “இவரு கையிலேருந்து ஆயில் வாடையாவது போகும்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“பழைய இன்ஜின என்ன பண்ணுவீங்க?”

“காயலான் கடைதான். வேற என்ன, பூட்டி வெச்சுக் கும்புடவா முடியும்?”

அவருக்கு அது வெறும் இரும்பு. நான் கோபப்படவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தேன். மெக்கானிக் வருவதற்குள் பொருத்தமான ஆயிலைக் கண்டுபிடித்து, புகையும் அடங்கி, ஆயில் அழுத்தம் காட்டுகிற முள்ளும் கீழே இறங்காமல் நின்றால், அந்த இன்ஜினை அப்படியே விட்டுவிட வேண்டும். அவர் உடனே கையை நீட்டினார். “தாராளமா. ஜெயிச்சுக் காட்டுங்க மாப்ள.” நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம்.

ஆயிலைச் சோதிப்பதில் அவசரம் கூடாது. குளிர்ந்த இன்ஜினில் எந்த ஆயிலும் யோக்கியமாகத்தான் தெரியும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஆயில் இளகி, அப்போதும் முள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷெட்டுக் கதவைத் திறந்து வைத்தால் காற்று வந்து சூடேறவிடாது. எனவே மூடி வைத்தேன். முதல் முறை அதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. நானும் உள்ளேயேதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. தட்டுத் தடுமாறி வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மச்சான் சாப்பிடவில்லை. “என்னமோ கிறுகிறுன்னு வருதும்மா,” என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அவள் கீழே வந்து என்னைக் கேட்டாள்.

“வலிக்கு நீங்க குடுத்தீங்களே, அந்த மாத்திரையாலயா இருக்குமோ?”

“இருக்கலாம்,” என்றேன்.

மாத்திரையில் தவறில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வேறொன்று மாற்றிக் கொடுத்தேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

புகையைப் பற்றி மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியாதா என்று காலையில் கேட்டீர்கள். தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியாத, மணமே இல்லாத ஒன்று இருக்கிறது என்பது தெரியும். மூடிய இடத்தில் அது என்ன செய்யும் என்பதும் தெரியும். தெரியாது என்று சொன்னால் நான் படித்த படிப்புக்கு மரியாதையில்லை.

அடுத்த சோதனைக்கு வேறு ஆயில் ஊற்றினேன். ஆயில் மட்டம் பார்க்கிற அளவுக்கம்பியைத் துடைக்கத் துணி தேவைப்பட்டது. ஷெட்டின் கூரையில், முன்பு மேல் அறைக்குத் தண்ணீர்க் குழாய் போன இடத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதில் என் மனைவி பழைய துண்டு ஒன்றை அடைத்து வைத்திருந்தாள். அதை எடுத்துத் துடைத்தேன். கைக்கு அகப்பட்ட துணி அதுதான். ஏணியும் பக்கத்திலேயே இருந்தது.

அந்த முறை நான் உள்ளே நிற்கவில்லை. ஷெட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தாலே முள் தெரியும். அந்த ஆயிலும் சரிப்படவில்லை. சூடேறியதும் முள் படுத்துவிட்டது. மேலே மச்சான் வாந்தியெடுத்தார். மறுநாள் நான் போனபோது அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

“மாப்ள, வண்டிய ஸ்டார்ட் பண்றப்ப கதவக் கொஞ்சம் தொறந்து வைங்களேன். நெடி மேல வருது.”

“சரி மச்சான்,” என்றேன். “தொறந்து வெச்சுடறேன்.”

என்னை அவர் நம்பினார். அவர் சுபாவம் அப்படி.

கடைசியாகத்தான் அந்த ஆயில் கிடைத்தது. கெட்டியானது, துத்தநாகம் கலந்தது. பழைய இன்ஜினில் உலோகத்தோடு உலோகம் உரசுகிற இடங்களை அந்தத் துத்தநாகம்தான் தேயாமல் காக்கும். இப்போது வருகிற ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். டப்பாவைக் கையில் வாங்கியபோதே மனசுக்குள் ஒரு நிம்மதி. ஆனால் மறுநாள் காலை மெக்கானிக் வருவதாக இருந்தது. சோதித்துப் பார்க்க எனக்கு அந்த ஒரு மத்தியானம்தான் மிச்சம்.

என் மனைவி, அண்ணனின் ஊன்றுகோலுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டு வரக் கடைக்குப் போயிருந்தாள். நான் மேலே போனேன். மச்சான் அரைத் தூக்கத்தில் இருந்தார். ஜன்னலைச் சாத்தினேன்.

“தொறந்தே இருக்கட்டுமே,” என்றார்.

“குளிர் காத்து. சளி புடிச்சுக்கும்.”

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். “புது ஆயில் வந்துடுச்சு மச்சான்,” என்றேன். கண்ணைத் திறக்காமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

கீழே வந்து ஸ்டார்ட் செய்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே ஜன்னலருகே நின்றேன். அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், சார். துளி கரகரப்பில்லை. புகைக்குழாயிலிருந்து வழக்கமாக வரும் நீலம் மறைந்துவிட்டது. முள் ஏறியது ஏறியபடியே நின்றது. ஆனால் இன்ஜின் இன்னும் முழுக்கச் சூடாகவில்லை. பாதியில் நிறுத்தினால் சோதனைக்கு அர்த்தமில்லை.

அப்போது அவள் வந்தாள். அவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடை பக்கத்தில்தான், அவள் நடையும் வேகம். ஊன்றுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளிப்படி ஏறப்போனவள், ஜன்னலோரம் நான் நிற்பதைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். அவள் மேலே போனாள். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். முதலில் அவள் அண்ணனை எழுப்பும் குரல் கேட்டது. பிறகு, “ஏங்க, வண்டிய நிறுத்துங்க” என்றாள். அப்புறம் வெறும் “ஏங்க” மட்டும் வந்தது. மேலே ஏதோ விழுந்தது. முள் அசையவில்லை. கடைசியில் மேல் ஜன்னலின் கண்ணாடி உடைந்து தெருவில் கொட்டியது. தவழ்ந்து போய் ஊன்றுகோலால் இடித்திருக்கிறாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் தெருவைத் தாண்டி வரத் தொடங்கியதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினேன்.

தையல்காரர்தான் அவளைத் தூக்கி வந்தார். மச்சானை அவசரப்பட்டுத் தூக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவளைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய், கையெல்லாம் கண்ணாடி கிழித்த காயம். “அண்ணன்?” என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை.

“நீங்க ஏன் வெளியில நின்னீங்க?”

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

“உள்ள நின்னா உசுரோட இருக்க முடியாதுன்னு தெரியும்,” என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. உங்களை வரச்சொன்னது அவள்தான் என்று தெரிந்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணனை இழந்தவள்.

வேண்டுமென்று செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். மச்சான் விஷயத்தில், ஆமாம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மனைவி விஷயத்தில் இல்லை. அவளை நான் மேலே அனுப்பவில்லை. அவளாகப் போனாள்.

ஒரு சின்ன உதவி. அவள் வீடு திரும்பியதும், வாரம் ஒரு தடவையாவது வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆயில் அடியில் தங்கிவிடும். அப்போது ஷெட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சார். அவள் உடம்பைப் பற்றி என்னைவிட்டால் கவலைப்பட வேறு யார் இருக்கிறார்கள்.