மெதுவாக ஒரு சாய்கோடு

விழாவுக்குத் தலைமை தாங்கி, "அம்மா, சுருக்கமாகப் பேசுங்கள்" என்று காதோடு சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்திருக்கும் தலைவர் அவர்களே! முழங்கால் வலியை மூச்சுக்குள் அடக்கி முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்த ஓவியப் பெருமக்களே! வீட்டு வேலையையும் வெளி வேலையையும் ஒருசேர முடித்துவிட்டு, வியர்வை காயுமுன் வந்து சேர்ந்திருக்கும் அன்னையரே! நாற்காலி கிடைக்காமல் நின்றாலும் நகராமல் நிற்கும் இளையோரே! இரண்டு முறை கீச்சிட்டு மூன்றாம் முறை எனக்கு வழிவிட்ட ஒலிபெருக்கியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பென் டிஸ்ப்ளே ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொன்னார்கள். கணினியோடு இணைத்து, கண்ணாடித் திரையின் மேலேயே பேனாவால் வரைகிறோமே, அந்தக் கருவி. இதைப் பற்றிப் பேச இளைஞர் ஒருவர் கிடைக்கவில்லையா, இந்த வயதானவள்தான் கிடைத்தாளா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினையுங்கள். ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்து, தலைகுனிந்து, தப்பி வந்தவள் நான். தவறியவளைவிடத் தடம் சொல்ல யாரால் முடியும்?

இன்று நிம்மதியோடு நிற்கிறேன், பெருமக்களே. எப்படிப்பட்ட நிம்மதி? வீடெல்லாம் தேடி, பீரோவுக்கு அடியில் குனிந்து பார்த்து, பிள்ளைகளைத் திட்டித் தீர்த்த பிறகு, மூக்குக்கண்ணாடி தன் நெற்றியிலேயே இருப்பதைக் கண்டவள் விடுவாளே ஒரு பெருமூச்சு, அந்த நிம்மதி. கொஞ்சம் வெட்கமும் கலந்தது.

உயிரியல் பாடநூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். மீனின் செவுள், இலையின் நரம்பு, பூச்சியின் கால். நீங்கள் தேர்வுக்காக நடு இரவில் சபித்துக்கொண்டே பார்த்து வரைந்த படங்களில் பல, இந்தக் கை வரைந்தவை. (சிரிக்கிறீர்கள். சபித்தது உண்மை என்று தெரிகிறது.) என் கோடு மெதுவானது. எறும்பு ஊரக் கல் தேயும் என்பார்கள்; நான் கோடு போடும்போது எறும்பே என்னை முந்திக்கொண்டு போய்விடும். கான்வென்ட்டில் எங்களுக்கு ஓவியம் கற்பித்த சிஸ்டர், "அவசரக் கோடு அழுக்குக் கோடு" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த கைக்கு விரைவு வராது. வரவும் வேண்டாம்.

இனிமேல் காகிதத்தில் வேண்டாம், கணினிக் கோப்பாகவே அனுப்புங்கள் என்றது பதிப்பகம். பூச்சிகளைப் பற்றிய புதிய நூல் ஒன்று. படம் முழுவதும் என் பொறுப்பு. கடைக்குப் போனேன்.

கடையா அது? கண்ணாடிக் கோட்டை! சிறியது, பெரியது, சாய்த்து வைப்பது, சுவரில் மாட்டுவது. கோடி வண்ணம் என்றார் கடைக்காரர். அழுத்தத்தை உணர ஆயிரம் ஆயிரம் படிநிலை என்றார். எல்லாவற்றிலும் பெரியதைக் காட்டி, "எழுதிப் பாருங்க மேடம்" என்று பேனாவை நீட்டினார்.

நான் என்ன செய்தேன்? நீங்கள் அனைவரும் செய்வதையே செய்தேன். கையெழுத்துப் போட்டேன்!

அடடா, என்ன அழகு! வளைந்து, நெளிந்து, வால் சுழித்து, வழுக்கிக்கொண்டு வந்தது என் கையெழுத்து. "பிரமாதம் மேடம்" என்றார் அவர். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

என்ன கம்பெனி என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். சொல்ல மாட்டேன் ஐயா. விளம்பரத்துக்கு வேறு மேடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். தட்டான்பூச்சியின் இறகை எடுத்துக்கொண்டேன். தட்டான் இறகைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடியில் கீறிய கோலம் போல நரம்புகள், பெரும்பாலும் சாய்வானவை. மெதுவாக, மிக மெதுவாக முதல் நரம்பை இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கோடு நடுங்கியிருந்தது.

அழித்தேன். மீண்டும் இழுத்தேன். மீண்டும் நடுக்கம். குளத்து நீரில் காற்று பட்டாற்போல மெல்லிய அலை. மூச்சைப் பிடித்து இழுத்தேன், அலை. முழங்கையை ஊன்றி இழுத்தேன்; அலை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கா இவ்வளவு என்று கேட்காதீர்கள். என் கணவர் வங்கி மேலாளராக இருந்தவர். நடுக்குவாதம் அவரிடம் முதலில் வந்தது கையெழுத்தின் வழியாகத்தான். எழுத்து சுருங்கியது; கோடு கலங்கியது. அவர் எழுதிய காசோலையை, அவர் மேலாளராக வீற்றிருந்த அதே கிளை திருப்பி அனுப்பியது, கையெழுத்து பொருந்தவில்லை என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்ற நிற்பை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கரண்டியையும் நான்தான் அவர் வாய்க்குக் கொண்டு போனேன். அந்த நோய் எங்கள் வீட்டுக்குள் எந்தக் கதவு வழியாக வந்தது என்று அறிந்தவள் நான். அதே கதவு இப்போது எனக்காகத் திறக்கிறதோ? கை போனால் தொழில் போகும். தொழில் போனால்? என் மகளின் கை ஒருநாள் கரண்டியோடு என்னை நோக்கி வரும். அதை நினைக்கத்தான் என்னால் முடியவில்லை.

நடுங்கிய படங்களையே அனுப்பினேன். பதிப்பகத்தில் படங்களைச் சரிபார்ப்பவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் நாங்கள் அழைப்போம்; அது அவருக்கும் தெரியும். அழைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எறகு நரம்பெல்லாம் கொஞ்சம் அதிருது. ஒடம்பு நல்லா இருக்கில்ல?"

"ஒடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

"இல்ல... மிச்சப் படத்த வேற யார்கிட்டயாவது குடுத்துடலாமான்னு. நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுத்த மாதிரி இருக்கும்."

"ஓய்வு வேணும்னு நான் கேட்டேனா?"

"கேக்கல மேடம்."

"அப்போ வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. திருத்தி அனுப்பறேன்."

அம்மா, காகிதத்தில் வரைந்து பார்த்திருக்கலாமே என்கிறார் இடப்பக்கத்தில் அந்த அம்மையார். நல்ல கேள்வி. எத்தனை இரவு அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டேன்! பதில் சொல்கிறேன்: பயம். எனக்கும் காகிதத்துக்கும் ஐம்பது ஆண்டுப் பழக்கம். அது என்னிடம் பொய் சொல்லாது. திரையில் நடுங்கினால் சந்தேகம். காகிதத்திலும் நடுங்கினால்? தீர்ப்பு! தீர்ப்பைத் தள்ளிப்போட்டேன். பென்சில் பெட்டியை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினேன். பயந்த கை தானே நடுங்கும் அல்லவா? காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை நெருங்கியது. அப்போது எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இறகின் முன்விளிம்பு ஏறக்குறைய நேர்கோடு. பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரைமேல் வைத்து, அதன் ஓரமாகப் பேனாவை ஓட்டிவிட்டால் நடுக்கம் மறைந்துவிடும் அல்லவா? வாழ்நாளெல்லாம் வெறுங்கையால் கோடு போட்டதில் கர்வம் கொண்டவள், திருடியைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்கேலைச் சாய்வாக வைத்து, பேனாவை அதன் விளிம்பில் அழுத்திக்கொண்டு இழுத்தேன்.

கோடு நடுங்கியது.

ஸ்கேலாலும் பிடித்து நிறுத்த முடியாத அளவுக்கா என் கை போய்விட்டது என்று கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஸ்கேலின் விளிம்பு நேராக இருக்கிறது. பேனா விளிம்பை விட்டு விலகவே இல்லை. அப்படியானால் அந்த அலை எங்கிருந்து வந்தது? ஸ்கேலுக்குமா நடுக்குவாதம்?

"அடியே, இங்க வா!" என்று கத்தினேன்.

என் மகளுக்குத் தராசு சோதிக்கும் உத்தியோகம். கடை கடையாகப் போய், படிக்கல் வைத்து எடை பார்த்து, முத்திரை குத்துபவள். வந்தாள்.

"என்னம்மா? எதுக்கு இந்தச் சத்தம்?"

"இந்த ஸ்கேல் ஓரமா மெதுவா ஒரு கோடு போடு."

"எனக்கு வரையத் தெரியாதே."

"தெரியாததுனாலதான் போடச் சொல்றேன்."

போட்டாள். அவள் கோடும் என் கோட்டைப் போலவே நெளிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பென்சில் பெட்டியை இறக்கினாள்.

"எதுக்குடி அது? அதான் மெஷின்தான் கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சே."

"தராசு தப்புன்னு தெரிஞ்சா, சாமான் சரின்னு ஆயிடுமா? ரெண்டையும் பாக்கணும். உக்காரும்மா."

பார்த்தீர்களா, என் வயிற்றில் பிறந்ததை? என்னைவிடக் கறார்!

உட்கார்ந்தேன். வெள்ளைக் காகிதம். கூரிய பென்சில். ஸ்கேல் கிடையாது. சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த பிரார்த்தனை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு, எறும்பும் சலித்துக்கொள்ளும் அளவுக்கு மெதுவாக, ஒரே ஒரு சாய்கோடு இழுத்தேன். முடித்தேன். குனிந்து பார்க்கத் துணிவில்லை. மகள்தான் காகிதத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். திருப்பிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா?

"அம்மா, ஸ்கேல் வெச்சுப் போட்டியா?"

இரண்டும்தான் செய்துகொண்டிருந்தாள்!

"ஒரு மாசமா, நீ காபி கப்ப எடுக்கறப்பல்லாம் ஒன் கையத்தாம்மா பாத்துட்டு இருந்தேன்" என்றாள்.

"நீ பாக்கறது எனக்குத் தெரியாதா? அதுக்காகத்தான் ரெண்டு கையால புடிச்சேன்."

"நீ ரெண்டு கையால புடிச்சதுனாலதான் நான் பயந்தேன்!"

ஒரே கூரையின் கீழ், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஒரே பயத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம், அன்னையரே. இறக்கி வைத்தோம். அம்மம்மா, எவ்வளவு பாரம்!

மருத்துவரிடமும் அழைத்துப் போனாள், விடுவாளா? அவர் ஒரு தாளைக் கொடுத்து, நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றிக் கோடு போடச் சொன்னார். போட்டேன். பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. இதே மாதிரி எனக்குப் போட வராது" என்றார். "நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவாப் போடுங்க டாக்டர், வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, கடையின் கதவு திறக்கும்போது நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். மகள் கையில் அந்தப் பெரிய கருவி; என் கைப்பையில் ஸ்கேல்.

"இது ஸ்கேல் வெச்சுப் பாக்கற சாமான் இல்ல மேடம்" என்றார் கடைக்காரர்.

"இனிமே ஸ்கேல் வெச்சுத்தான் பாக்கணும். இதே மெஷின்ல நீங்க ஒரு கோடு போடுங்க. சாய்வா, மெதுவா."

போட்டார். முகம் மாறியது. நல்ல மனிதர், மறைக்கவில்லை. "வருசக் கணக்கா விக்கறேன், இது தெரியாதே மேடம். எல்லாரும் கையெழுத்துத்தான் போட்டுப் பாக்கறாங்க." பிறகு, "சாஃப்ட்வேர்ல ஸ்டெபிலைசர்னு ஒண்ணு இருக்கு. ஏத்தி வெச்சுட்டா கோடு தானா நேராயிடும்" என்றார்.

"நல்லா நடக்கறவளுக்கு எதுக்குப்பா ஊன்றுகோல்? அத அணைச்சுட்டு ஒவ்வொண்ணாக் காட்டு" என்றேன்.

காரணம் இதுதான், இளையோரே. பேனாமுனை எங்கே இருக்கிறது என்று கருவி கணித்துக் கணித்துத்தான் கோட்டை இழுக்கிறது. சில கருவிகள், சாய்வாக மெதுவாகப் போகும் முனையைச் சரியாகக் கணிக்க முடியாமல் தடுமாறுகின்றன. பாய்ந்து போகும் கோட்டில் அந்தத் தடுமாற்றம் கண்ணில் படாது. கையெழுத்தோ பாய்ந்து போவது! எனவே கையெழுத்தை நம்பாதீர்கள். மெதுவாக ஒரு சாய்கோடு போடுங்கள். முனை தொடும் இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்று திரையின் நடுவிலும் பாருங்கள், நான்கு மூலையிலும் பாருங்கள். வழக்கமாக உட்காருவது போல உட்கார்ந்து பாருங்கள். பொம்மலாட்டக் கயிறு போல எத்தனை ஒயர் தொங்குகிறது, அது உங்கள் கணினியில் பொருந்துமா என்று கேளுங்கள். கோடி வண்ணமும் பெரிய திரையும் அப்புறம்!

மூன்று கருவிகள் நெளிந்தன. நான்காவது, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு சின்னத் திரை. கடைக்காரரே காட்டத் தயங்கியது. கோடு போட்டேன். நின்றது பாருங்கள் கோடு! இழுத்துக் கட்டிய கயிறு போல நின்றது! என் பெரிய கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தட்டான் இறகு பதிப்பகம் போய்ச் சேர்ந்தது. பூதக்கண்ணாடி அழைத்தார்.

"மேடம்..."

"என்ன, அதிருதா?"

"இல்ல மேடம். நான்தான் அதிர்ந்து போயிருக்கேன். மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பு இருக்கட்டும். மிச்சப் படத்த யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

நூல் அச்சாகிவிட்டது. இதோ, தலைவர் அவர்களின் கையில் கொடுக்கிறேன். இறகை எத்தனை நெருங்கிப் பார்த்தாலும் எனக்கு அச்சமில்லை.

பெருமக்களே! கருவி தவறினால் கருவியைத்தானே ஐயுறவேண்டும்? நாம் ஏன் கையை ஐயுறுகிறோம்? ஏன் கண்ணை ஐயுறுகிறோம்? ஏன் வயதை ஐயுறுகிறோம்? எனக்கு வராது, என் காலம் முடிந்தது, இனி இளையவர்கள் பாடு என்று எத்தனை பேர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டோம்? கை உண்மையாகவே தளரும் நாள் ஒன்று வரலாம். வந்தால் அன்று அதைப் பார்த்துக்கொள்வோம். வராத நாளுக்கு இன்றே ஏன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்?

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். அரங்கின் பக்கவாட்டு அறையில் காகிதமும், சீவிய பென்சில்களும் வைத்திருக்கிறேன். பயந்து நிறுத்தியவர்கள், பாதியில் விட்டவர்கள், யாரிடமும் சொல்லாமல் கையை மறைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மெதுவாக ஒரு கோடு போடுங்கள். உங்கள் காகிதத்தை நான் பார்க்க மாட்டேன். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பாருங்கள். பயத்தோடு வீட்டுக்குப் போகாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பாராதது போல இருந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.