கொப்பி எடுக்க அழுத்திய இரண்டு விசைகள்

எங்கள் கடையின் ஓடர் மென்பொருளை நிறுத்தியது சாருஜா அல்ல, என் மனைவியின் தம்பி இரத்தினசிங்கம். அதுவும் தெரியாமல் நடந்தது.

எனது பெயர் அருளையா தயாபரன். வயது 61. வசிப்பது கொட்டாஞ்சேனை. பெட்டிக்கடையில் தொடங்கி, இப்போது வெள்ளவத்தையில் கறித்தூள் வியாபாரம் செய்கிறேன். இரத்தினசிங்கம் எனது பங்குதாரர்.

வெளிநாட்டு ஓடர்களை எடுக்கும் மென்பொருள், கணினிக்குள் ஒரு பெட்டி போலத் தனியாக ஓடும். கொன்டெயினர் என்பார்கள். துறைமுகத்தில் கிடப்பதல்ல என்று, பொலிஸ் நிலையத்தில் இந்த வாக்குமூலத்தை எழுதும் சார்ஜன்ட் அவர்களுக்கும் விளங்கப்படுத்தினேன். செவ்வாய்க்கிழமை பகல் ஓடர்கள் பிந்தி வந்தபடியால், அதைச் செய்து தந்த சாருஜாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியுடன் ஒரு கறுப்புத் திரையை இணைத்தார். அதன் பின்பு உள்ளே நடப்பதெல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடியது. "அங்கிள், சாப்பிட்டிட்டு வாறன். இதில ஒருத்தரும் கை வைக்கவேண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் இரத்தினசிங்கம் அப்போது கடையில் இல்லை.

அதன் பின்பு மச்சான் வந்து, ஓடிய வரிகளில் ஓர் ஓடர் இலக்கத்தைக் கண்டு, "அத்தான், லண்டன்காரி விடியத்தொடக்கம் உயிரை எடுக்கிறாள், இந்த நம்பரைக் கொப்பி பண்ணி அனுப்பிவிடுறன்" என்று சொல்லி, கன்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினார். கடிதம் அடிக்கும்போது நகலெடுக்க எல்லோரும் அழுத்துவதுதான். திரை அசையாமல் நின்றது. நான் தூள் நிறுத்துக்கொண்டிருந்தேன், பெரிதாக எடுக்கவில்லை.

அதன் பின்பு சாருஜா வந்து பார்த்தபோது மென்பொருள் நின்றிருந்தது. சேமிக்கப்படாதிருந்த தீபாவளி ஓடர்களும் போய்விட்டன. "தொட்டது நீர்தானே. கூலி கூட்டித் தரேல்ல எண்ட கோவத்தில செய்த வேலை" என்று மச்சான் கத்தி, பொலிசில் முறைப்பாடு செய்தார். அன்று பின்னேரமே பொலிசார் சாருஜாவையும் அவரது லப்டொப்பையும் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். கொப்பி எடுத்தால் கடை நிற்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இன்று காலை இங்கே பொலிஸ் கணினிப் பிரிவு உத்தியோகத்தர், அப்படி இணைத்த திரையில் அந்த இரண்டு விசைகளும் கொப்பி எடுக்காது, ஓடுவதையே நிறுத்தும் என்றார். அதன் பின்பு வாய் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை; மச்சான் அழுத்தியதைச் சொல்லிவிட்டேன். சாருஜா நேற்றைய உடுப்புடனேயே எதிர் வாங்குப் பலகையில் இருக்கிறார். நாளை அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்களாம். மனைவியின் அழைப்புகளை நான் எடுக்கவில்லை.

மச்சானை இங்கே வரச்சொன்னேன். "என்னைக் காட்டிக் குடுத்திட்டியள் அத்தான்" என்றார்.

"ஓம். செய்யாத குற்றத்துக்கு இந்தப் பிள்ளையைக் கோட்டில ஏத்தினா, பிறகு எங்கட தூளை ஆர் வாங்குவினம்?" என்றேன்.

இது எனக்குத் தமிழில் வாசிக்கப்பட்டது. கண்டதற்குக் கூடவோ குறையவோ இதில் இல்லை. ஒப்பமிடமுன் மூவரும் இணங்கியது: மச்சான் முறைப்பாட்டை மீளப் பெறுவார். சாருஜாவின் லப்டொப் இன்றே அவர் கைக்குப் போகும். போன ஓடர்களை ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டெடுப்பது மச்சானின் வேலை. சாருஜா கேட்ட கூலி உயர்வு அடுத்த மாதத்திலிருந்து. திரையை இணைத்தபடி விட்டு அவர் இனி வெளியே போகக்கூடாது. சாப்பாடு கடைக்கு வரும், செலவு என்னுடையது.

(ஒப்பம்) அ. தயாபரன்