ஜாபெஸின் பங்குக் கஞ்சி

பட்டாணிக் கஞ்சி எனக்கு எப்போதுமே பிடிக்காது, ஐயா. பிரிஸ்டலில் அம்மா ஊற்றிக் கொடுத்தால் பூனைக்கு வைத்துவிடுவேன். இவ்வளவும் அந்தக் கஞ்சிக்காகத்தான் நடந்தது என்றால் உங்களுக்குச் சிரிப்புக்கூட வரலாம்.

சிட்னிக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள் நாங்கள். கப்பலின் கீழ்த்தளத்தில் ஆறு பேருக்கு ஒரு வாளிக் கஞ்சி. எவன் செத்தாலும் வெளியே சொல்லமாட்டோம். கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு அவன் பங்கையும் வாங்கிக்கொள்வோம். நாற்றத்துக்குப் பயந்து காவலர்கள் ஏணியில் நின்றே தலைகளை எண்ணுவார்கள். இதைத் தப்பென்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. செத்தவனுக்கு எதற்குக் கஞ்சி?

கிழவர் ஓபதியா அப்படித்தான் சில நாள் எங்கள் வயிற்றைக் காப்பாற்றினார். புழு வைத்த பிறகு கண்டுபிடித்துக் கடலில் போட்டார்கள். வாளியில் கஞ்சி குறைந்தது. அது உங்களுக்குத் தெரிந்த பசி அல்ல, ஐயா. செருப்புத் தோலைச் சப்பிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

ஜாபெஸும் நானும் ஒரே சங்கிலியில் கணுக்காலோடு கணுக்காலாகக் கிடந்தோம். நல்ல மனிதன். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தபோதும் கேலி போகவில்லை.

“டேய் லெமுவல், நான் செத்தா என் பங்கை நீயே தின்னு. அதுக்காக இப்பவே நாக்கைத் தொங்கப்போட்டுட்டுப் பாக்காதடா.”

“சாகிற மூஞ்சியாடா இது? கம்முனு படு,” என்றேன்.

கரை நெருங்கிய சமயம் வைத்தியர் பாதி ஏணி இறங்கி வந்தார்.

“காய்ச்சக்காரன் எவனாவது இருக்கானா? மேல வந்தா நல்ல காத்து, எலுமிச்சைச் சாறு எல்லாம் உண்டு. இருந்தா குரல் குடுங்க.”

மேலே போகிறவனின் பங்கும் கூடவே போய்விடும். ஜாபெஸ் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். “ஐயா...” என்றான். அவன் வாயில் கையை வைத்தேன்.

“அங்க என்னடா சத்தம்?”

“தூக்கத்துல உளறுறான் ஐயா. நல்லாத்தான் இருக்கான்.”

வைத்தியர் பொறுப்பானவர்; உடனே போய்விடவில்லை. அதனால் என்னாலும் கையை எடுக்க முடியவில்லை. சங்கிலி என் காலைச் சில தடவை இழுத்தது. பிறகு இழுக்கவில்லை.

அவர் ஏறிப் போனதும் ஜாபெஸுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டேன். கப்பல் நங்கூரம் போடும்வரை அவன் பங்கைத் தின்றேன். அவன் வாயால் கொடுத்ததுதானே, சற்று முன்னதாக எடுத்துக்கொண்டேன்.

ஆம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவன் தாய்க்குத் தகவல் அனுப்பினால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அவள் மகன் கேட்பாரற்றுச் சாகவில்லை. கடைசி மூச்சுவரை ஒருவன் பக்கத்திலேயே இருந்தான், அவன் முகத்தில் கை வைத்தபடி.