குரலை நம்பாதீங்க

தமிழ் தெரிந்த அதிகாரியை அனுப்பியது நல்லதாப் போச்சு சார். இந்தியில் பேசினால் நான் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும்.

நான் அந்த வார்டு தேர்தல் ஆபீஸில் வாட்ச்மேன். வாக்காளர் பட்டியல் மொத்தமும் ஒரே கம்ப்யூட்டரில். அதைப் பாதுகாக்க ஆபீஸில் காசில்லை. அதற்காகத்தான் சேஷுவைப் போட்டார்கள். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பையன். மொட்டைமாடித் தகரக்கூரை அறையில் கம்ப்யூட்டரை வைத்தான். ஜன்னலில் பலகை அடித்தான், அந்த அறைப் போன் வயரைப் பிடுங்கினான்.

“காசில்லாத ஆபீசுக்கு இதான் செக்யூரிட்டி, அங்கிள். குரலை நம்பாதீங்க. நானே கேட்டாலும் கதவைத் திறக்காதீங்க.”

நல்ல புத்திதான். ஆனால் என்னைச் சோதித்துப் பார்த்தான். பெரிய அதிகாரி குரலில் கீழே கேட்டுக்குப் போன் செய்து, வருகிறவனிடம் அறைச் சாவியைக் கொடு என்றான். ‘ஜீ சாப்’ என்று எழுந்து நின்றே கொடுத்தேன். வந்தவன் டீக்கடைக்காரன். மறுநாள் மீட்டிங்கில் சேஷு அதை நடித்துக் காட்டினான், நான் எழுந்து நின்றதையும் சேர்த்து.

“அரே மதராஸி, கூட ஒரு சமோசா கொடுத்திருந்தா ஆபீஸையே எழுதிக் கொடுத்திருப்பியே” என்றார் பெரிய அதிகாரி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நான் கோபப்படவில்லை. படித்தவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சனிக்கிழமை எல்லாரும் போனபின் பூட்டப் போனேன். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதென்று செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவோம். சேஷுவின் செருப்பு கிடந்தது. ஓரமாக நகர்த்திவிட்டுப் பூட்டினேன். பூட்டின்மேல் அரக்கு முத்திரை வைத்தேன். மெயின் சுவிட்சையும் அணைத்தேன். தீப்பிடிக்கும் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

ஜூன் வெயில் உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமையும் லீவு.

முதலில் குரல் சிரித்தது. “ஜோக் போதும், ஜல்தி திறங்க. நான்தான் சேஷு.” அப்புறம் தண்ணீர் கேட்டது. குரலை எப்படி நம்புவது?

அவன் அம்மா ராஜி கேட்டுக்கு வந்து அழுதாள். “சிநேகிதனோட சிம்லா போயிருப்பான்மா” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனாள்.

செவ்வாய் காலை அரக்கை உடைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

யார் குரல் என்று எனக்குத் தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸில் எல்லாருக்கும் நான் மதராஸி. உள்ளேயிருந்து கடைசிவரை “ஜோதிலிங்கம் அங்கிள், ஜோதிலிங்கம் அங்கிள்” என்றுதான் கேட்டது. அங்கே என் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அவன் ஒருத்தன்தான்.