அழுத்தாமல் வாசிக்க

— அப்புறம்?

— அப்புறம் என்ன. ஆறு மணிக்கு மோட்டார் போடுவேன். பால் பாக்கெட் எடுப்பேன். பல்லு தேய்ப்பேன். காப்பி போடுவேன்.

— இதுக்குப் பேரு காப்பியா மாமா? செம்மண்டலம் பூரா தேடினாலும் இப்படி ஒண்ணு கெடைக்காது. எங்கக்கா எப்படித்தான் குடிச்சாளோ.

— கயலு டீதான் குடிப்பா.

— பொழைச்சா. சரி, அப்புறம்?

— அவ கித்தார எடுப்பேன். ஆறு கம்பியையும் மேலேருந்து கீழ ஒரு தடவ தட்டுவேன். மாட்டி வெச்சிட்டு ஆபீசுக்குக் கெளம்புவேன்.

— வாசிக்க மாட்டீங்களா?

— எனக்கெங்க தெரியும். ஏன் மச்சான் மூஞ்சி இப்படிப் போவுது?

— இல்ல, நீங்க மோட்டார் போட கீழ போனீங்கல்ல, அப்ப எடுத்துப் பாத்தேன். கம்பியெல்லாம் தொளதொளன்னு இறங்கிக் கெடந்துச்சு. போன்ல ட்யூனிங் ஆப் வெச்சு ஸ்டாண்டர்டு சுருதிக்கு ஏத்திட்டேன்.

— ஆறையுமா?

— ஆறையும். இப்பதான் கித்தார் மாதிரி இருக்கு. தட்டிக் காட்டவா?

— வேணாம்.

— மாமா?

— அது இறங்கிக் கெடக்கல, ராஜ்கமல். இறக்கி வெச்சது.

— யாரு?

— நானும் உங்கக்காவும். தலையில கட்டி வந்து இடது கை விழுந்துடுச்சில்ல. கம்பிய அழுத்தி கார்டு புடிக்க முடியல. சிதம்பரத்துல காலேஜ் படிக்கறப்பலேருந்து வாசிச்சவ, செவுத்தையே பாத்துட்டு இருந்தா. கம்பிய அழுத்தவே வேணாம், வலது கையால தட்டினாலே கார்டு வரும், அந்த மாதிரி மாத்தலாம்னு படிச்சேன்.

— அதுக்குப் பேரு ஓப்பன் ட்யூனிங். ஜி-யா, டி-யா? சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல வெச்சித் தரேன்.

— அதெல்லாம் வாரத்துக்கு ஒண்ணா வெச்சிப் பாத்துட்டோம். அவளுக்குச் சலிச்சிடுச்சு. கடைசியா வெச்ச இது நெட்ல இல்லாதது. நான் முறுக்குவேன், அவ கண்ண மூடிக் கேப்பா. தலையாட்டினா நிறுத்துவேன். ஆறாவது கம்பி முடிச்சதும் ஒரே ஒரு தடவ தட்டினா. அப்பதான் ஃபிட்ஸ் வந்துச்சு.

— ரெக்கார்டு பண்ணலியா?

— தெனம் தட்டினா போதும்னு இருந்தேன். அவ போனதுலேருந்து, எட்டு மாசமா.

— கொண்டாங்க. உங்க காதுல இருக்கும்ல? தடிக் கம்பிய இறக்கறேன். இதா?

— இன்னும்.

— இது?

— தாண்டிட்ட.

— இப்ப?

— தெரியல.

— நல்லா கேளுங்க மாமா.

— தெரியல மச்சான். நேத்து வரைக்கும் தெரியும்.

— நான் கம்பிய மாத்தினத அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கனவே வர்றவுங்க போறவுங்ககிட்டல்லாம், 'கடைசியா எம்பொண்ணு என்னப் பாத்துக்கச் சொல்லி இளவரசு கையப் புடிச்சா'ன்னு அழுதுட்டே இருக்கு.

— அது அவுங்களுக்காக நான் சொன்னது.

— அக்கா அப்படிச் சொல்லலியா?

— இல்ல.

— எதுவுமே பேசலியா?

— ஆம்புலன்ஸ்ல, புதுச்சத்திரம் தாண்டறப்ப பேசினா. அதுக்கப்புறம் சிதம்பரத்துல ஆஸ்பத்திரிக்குள்ள போயும் கண்ணு தொறக்கல.

— என்ன சொன்னா?

— கித்தாரக் கீழ வை மொதல்ல.

— வெச்சிட்டேன். சொல்லுங்க மாமா.

— 'அந்தச் சுருதி நல்லால்ல அரசு, அழுமூஞ்சியா இருக்கு. வீட்டுக்குப் போனதும் மாத்திடு.'